அரையாண்டு லீவு பள்ளிக்கூடத்துக்கு! வயித்துக்கும் லீவா?

சென்னை, டிச.24-

வடசென்னையில் ரெயில்வே கேட்டுக்கு பக்கத்தில் ஒரு மாநகராட்சி தொடக்கப்பள்ளி. நேற்று (2025 டிசம்பர் 23) மதியம் அங்கே ஒரே கூச்சல். பரீட்சை முடிந்துவிட்டது. பாடம் கிடையாது. நாளை முதல் லீவு.

இரண்டாம் வகுப்பில் பிள்ளைகள் பாயில் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். இருவர் அய்யப்பனுக்கு மாலை போட்டு கறுப்பு வேட்டி, வெறுங்காலோடு வந்திருந்தார்கள். ஒரு சிறுமி மெழுகுவர்த்தி படம் வரைந்து, மஞ்சள் கிரேயானை அழுத்தி அழுத்தி தேய்த்துக்கொண்டு இருந்தாள். இன்னொருத்தி கையில் நேற்றைய மருதாணி. பொங்கல், கிறிஸ்துமஸ், புத்தாண்டு எல்லாம் ஒரே வட்டத்தில் இருந்தன.

எல்லோரும் குஷியாக இருந்தபோது ஒரு பொடியன் எழுந்து நின்றான்.

"மிஸ், நாளைக்கு சாப்பாடு உண்டா?"

"லீவுடா. பள்ளிக்கூடமே கிடையாது."

"பள்ளிக்கூடம் இல்ல மிஸ். சாப்பாடு?"

ஆசிரியை பதில் சொல்லவில்லை. பையனை உட்காரச் சொன்னார். பிள்ளைகள் சிரித்தார்கள். அவனும் சேர்ந்து சிரித்தான்.

சிரிக்கிற கேள்வியா இது?

கடன் வாங்கிக் கழித்தல்

இந்த வகுப்பில் படிப்பு எப்படி நடக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். மாநகராட்சி பள்ளி என்றால் பெஞ்சு உடைந்திருக்கும், வாத்தியார் தூங்குவார் என்று பஸ்ஸில் போகிறவர்கள் நினைப்பது உண்டு. அந்தக் காலம் மலையேறிவிட்டது.

2022 ஜூன் மாதம் தமிழக அரசு 'எண்ணும் எழுத்தும்' என்ற திட்டத்தை கொண்டுவந்தது. கொரோனாவில் பள்ளிகள் மூடிக்கிடந்ததால் பிள்ளைகள் எழுத்தையே மறந்துபோனார்கள். அதற்குத்தான் இந்த ஏற்பாடு. ஒரே வகுப்பில் இருந்தாலும் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலையாக பிரித்து சொல்லிக்கொடுக்கிறார்கள். எழுத்து தெரியாதவன் அரும்பு. கூட்டிப் படிப்பவன் மொட்டு. சரளமாக படிப்பவன் மலர். பாட்டு, கதை, பொம்மலாட்டம் எல்லாம் உண்டு.

பேட்டையில் 'மழை' என்று எழுதிப்போட்டால் 'மளை' என்று படிக்கிற பிள்ளைகள்தான் அதிகம். வாழைப்பழம் சொல்லவைத்தே ஆசிரியைக்கு தொண்டை கட்டிவிடும். ஆனாலும் ஜூனில் அரும்பாக வந்தவர்களில் பலர் டிசம்பரில் மொட்டாகி இருக்கிறார்கள். தெருவில் கடை போர்டை நின்று படித்துவிட்டு வருகிறார்கள்.

கணக்கு வேறு கதை. சில நாள் முன்பு கடன் வாங்கிக் கழித்தல் பாடம் நடந்தது. 42ல் 17 போக எத்தனை? இரண்டில் ஏழு போகாது. பக்கத்து வீட்டு நாலிடம் ஒரு பத்து கடன் வாங்கு என்றார் ஆசிரியை.

"எப்ப திருப்பிக் கொடுக்கணும் மிஸ்?" என்று ஒருவன் கேட்டான்.

கணக்குப் பாடத்தில் திருப்பிக் கொடுக்க வேண்டாம் என்றதும் பையனுக்கு நம்பிக்கை வரவில்லை. வாராவாரம் குழுக் கடன் வசூலுக்கு ஆள் வந்து நிற்கிற வீட்டுப் பிள்ளை அவன். அப்படித்தான் கேட்பான்.

மழை தின்ற நாட்கள்

சென்னையில் தீபாவளி முடிந்தால் பள்ளிக்கூடம் வானத்தைப் பார்த்துத்தான் நடக்கிறது. வடகிழக்கு பருவமழை வந்தால் கலெக்டர் லீவு விடுவார். பிள்ளைகள் காலையில் எழுந்ததும் டி.வி.யைத்தான் பார்க்கிறார்கள்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் அரையாண்டு தேர்வே ஜனவரிக்கு தள்ளிப்போனது. 2016 டிசம்பர் 12ந் தேதி வர்தா புயல். 2023 டிசம்பரில் மிச்சாங் புயல் வந்து பள்ளிகள் நாள்கணக்கில் மூடிக்கிடந்தன. தேர்வு அப்போதும் தள்ளிப்போனது.

அடுத்து வாக்காளர் பட்டியல் வேலை. 2025 நவம்பர் 4ந் தேதி தமிழ்நாட்டில் தீவிர திருத்தம் தொடங்கியது. பாரத்தை தூக்கிக்கொண்டு வீடு வீடாக போனவர்களில் ஆசிரியர்களும் உண்டு. தேர்தல் வேலைக்கு ஆசிரியரை எடுக்கலாம் என்று கல்வி உரிமைச் சட்டமே சொல்கிறது. சட்டத்தில் இடம் இருக்கிறது, சரி. வகுப்பில் இருக்கிற 30 பிள்ளைகளை அந்த நேரத்தில் யார் பார்ப்பது?

இத்தனையும் தாண்டி டிசம்பர் பரீட்சை வருகிறது. 2012-13ல் இருந்து இது 'இரண்டாம் பருவத் தேர்வு'. ஏட்டில்தான் அந்தப் பெயர். தாய்மார்கள் வாயில் இன்னமும் அரைப்பரீட்சைதான்.

முட்டைக் கணக்கு

சரி, பையன் கேட்ட கேள்விக்கு வருவோம்.

இந்தப் பள்ளியில் பிள்ளைகள் காலை எட்டு, எட்டேகால் மணிக்கே தட்டோடு வந்துவிடுகிறார்கள். முதல்-அமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15ந் தேதி மதுரையில் தொடங்கியது. 2023 ஆகஸ்டு 25ந் தேதி திருக்குவளையில் எல்லா அரசு தொடக்கப்பள்ளிகளுக்கும் விரிவாக்கப்பட்டது. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று தினம் ஒன்று சூடாக கிடைக்கிறது.

மதியம் சத்துணவு. அதன் கதை பழசு. 1920ல் ஆயிரம் விளக்கு மாநகராட்சி பள்ளியில் நீதிக்கட்சி பிட்டி தியாகராயர் காலத்தில் தொடங்கியது. காமராஜர் அதை 1956ல் மாநிலம் முழுக்க கொண்டுபோனார். எம்.ஜி.ஆர். 1982 ஜூலையில் சத்துணவு ஆக்கினார். கருணாநிதி காலத்தில் முட்டை வந்தது. 2010ல் இருந்து வாரத்துக்கு 5 முட்டை.

யார் ஆட்சியிலும் இதில் கை வைக்கவில்லை. கூட்டினார்களே தவிர குறைக்கவில்லை. தமிழ்நாடு பெருமைப்பட வேண்டிய விஷயம்தான், மறுப்பதற்கில்லை.

ஆனால் இந்த அடுப்பு பள்ளிக்கூட மணியோடு கட்டப்பட்டிருக்கிறது. மணி அடித்தால் எரியும். மணி நின்றால் அணைந்துவிடும்.

2001 நவம்பர் 28ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு, பள்ளிப் பிள்ளைகளுக்கு சமைத்த உணவு வருஷத்துக்கு குறைந்தது 200 நாள் போட வேண்டும் என்று உத்தரவு போட்டது. 2009ம் வருஷ கல்வி உரிமைச் சட்டமும் ஐந்தாம் வகுப்பு வரை குறைந்தது 200 வேலை நாள் என்கிறது. படிப்புக்கு 200 நாள் கணக்கு சரி. வயிற்றுக்கும் அதே கணக்கை வைத்தால் எப்படி?

2024ல் அரையாண்டு லீவு டிசம்பர் 24 முதல் ஜனவரி 1 வரை 9 நாள். இந்த வருஷம் ஜனவரி 4 வரை 12 நாள்.

வசதியான வீட்டுப் பிள்ளைக்கு 12 நாள் என்றால் ஊட்டி, பாட்டி வீடு, தீம் பார்க். இந்தப் பேட்டையில் தாய் காலை ஆறு மணிக்கே வேலைக்குப் போகிறாள். அடுக்குமாடி வீடுகளில் பாத்திரம் தேய்க்கிறவர்கள், மீன் விற்கிறவர்கள், ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை பார்க்கிறவர்கள். கிறிஸ்துமசும் புத்தாண்டும் வந்தால் அவர்களுக்கு வேலை கூடுமே ஒழிய லீவு கிடையாது.

பிள்ளை கையில் பத்து ரூபாய் கொடுத்துவிட்டுப் போவார்கள். அந்தப் பத்து ரூபாய் என்ன ஆகிறது என்று பெட்டிக்கடைக்காரர்களை கேட்டால் தெரியும். ஒரு பாக்கெட் சிப்ஸ், இல்லாவிட்டால் ஒரு பன். சாயங்காலம் ஏழு மணிக்கு தாய் வந்து உலை வைக்கும் வரை அதுதான் சாப்பாடு. பள்ளி நாளில் பகலிலேயே இரண்டு வேளை சுடுசோறும் ஒரு முட்டையும் சாப்பிட்ட அதே பிள்ளை!

"ரேஷனில்தான் அரிசி இலவசமாச்சே?" என்று கேட்பவர்கள் உண்டு. 2011ல் இருந்து அரிசி இலவசம்தான். வீட்டில் அரிசி இருக்கிறது. ஏழு வயசுப் பிள்ளையை நம்பி கேஸ் அடுப்பை யார் விட்டுட்டுப் போவார்கள்?

வழி இல்லையா?

இருக்கிறது.

2004 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டு, வறட்சி பாதித்த பகுதிகளில் கோடை லீவிலும் மதிய உணவு போடவேண்டும் என்று சொன்னது. ஆக, பள்ளிக்கூடம் மூடினால் அடுப்பும் மூடவேண்டும் என்பது மாற்ற முடியாத விதி அல்ல.

2020ல் கொரோனாவில் பள்ளிகள் மூடியபோது சத்துணவுக்கு பதிலாக அரிசியும் பருப்பும் பெற்றோர் கையில் கொடுக்கப்பட்டன. அப்போது பதிவேடு இருந்தது, கையெழுத்து வாங்கினார்கள், காரியம் நடந்தது. நோய் வந்தால் நடக்கிற காரியம் லீவுக்கு நடக்காதா?

உலர்பொருள் கொடுத்தால் வீட்டில் சமைக்க ஆள் வேண்டும். அதனால் அது பாதி வழிதான். சென்னைக்கு அதைவிட சுலபமான வழி கண்ணெதிரே இருக்கிறது. அம்மா உணவகம்!

2013ல் ஒரு ரூபாய் இட்லி, ஐந்து ரூபாய் சாம்பார் சாதம், மூன்று ரூபாய் தயிர்சாதம் என்று தொடங்கியது. நடத்துவது இதே மாநகராட்சிதான். பள்ளிக்கு லீவு விட்டாலும் அங்கே அடுப்பு எரிகிறது. கொரோனா பொதுமுடக்கத்தில் சில காலம் இலவசமாகவே சாப்பாடு போட்டார்கள்.

லீவு விடுகிற அன்று ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு டோக்கன் அட்டை கொடுக்கட்டும். காலை இரண்டு இட்லி, மதியம் ஒரு சாதம், ஒரு முட்டை. அட்டையில் தேதிக்கு ஒரு கட்டம். சாப்பிட்டதும் பேனாவால் அடித்துவிட்டால் முடிந்தது. பள்ளியும் மாநகராட்சி, உணவகமும் மாநகராட்சி. ஒரு கையில் இருந்து இன்னொரு கைக்கு கணக்கு எழுத அமைச்சரவை கூட வேண்டியதில்லை.

'கள்ள டோக்கன் அடிப்பார்கள்' என்பார் ஒரு அதிகாரி. அடிக்கட்டுமே! இரண்டு இட்லிக்காக கள்ள டோக்கன் அடிக்கிறவனுக்கு பசி இல்லாமலா இருக்கும்? 'பெரியவர்கள் வாங்கி சாப்பிடுவார்கள்' என்பார் இன்னொருவர். பிள்ளை நேரில் வந்து உட்கார்ந்து சாப்பிடவேண்டும் என்று வைத்தால் போதும்.

சத்துணவு ஊழியர்களை லீவிலும் வரச்சொல்வது நியாயம் இல்லை. அவர்கள் சம்பளம் ஊரறிந்த சமாச்சாரம். அதற்காகத்தான் உணவகத்தைச் சொல்வது.

பூட்டிய பீரோ

சாப்பாட்டோடு இன்னொன்று.

அதே பள்ளியில் ஒரு இரும்பு பீரோ இருக்கிறது. அதில் குட்டிக் குட்டி கதைப் புத்தகங்கள். 2023ல் பள்ளிக்கல்வித்துறை கொண்டுவந்த வாசிப்பு இயக்கத்தின் புத்தகங்கள். நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படியாக பிரித்து, படம் போட்டு, பிள்ளைகள் மொழியில் எழுதியவை. 'மழை'யை 'மளை' என்று படிக்கிற பிள்ளையும் ஆசையோடு புரட்டுகிறது.

நேற்று மூன்று மணிக்கு அந்த பீரோவும் பூட்டப்பட்டது. லீவில் வீட்டுக்கு கொடுத்தால் கிழிந்துபோகும், தொலைந்துபோகும், ஆடிட்டில் கேட்பார்கள் என்று பயம். ஆசிரியையை குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை. ஒரு புத்தகம் காணாமல் போனால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான்.

ஆனால் கிழிவதற்குத்தான் குழந்தைப் புத்தகம். பீரோவில் புதுசாக இருக்கிற புத்தகம் யாருக்கு லாபம்? 12 நாள் ஒரு எழுத்தையும் பார்க்காமல் இருந்தால் மொட்டு மறுபடி அரும்பாகிவிடும். ஜனவரியில் முதல் வாரம் பழைய பாடத்துக்கே போய்விடும். தாய்மார்கள் அலுத்துக்கொள்வதே இதைத்தான்.

பிள்ளைக்கு ஒரு புத்தகம் கொடுத்து அனுப்பட்டும். தொலைந்தால் ஆசிரியர் பொறுப்பில்லை என்று துறை ஒரு வரி சுற்றறிக்கை விட்டால் போதும். பைசா செலவு கிடையாது.

மணி அடித்தது

நாலு மணிக்கு மணி அடித்தது. பிள்ளைகள் 'ஹே' என்று கத்திக்கொண்டு கேட்டை நோக்கி ஓடினார்கள். கேட்டில் காத்திருந்த ஆயா, ரோட்டை தாண்டும்போது பார்த்துப் போங்கடா என்று சத்தம் போட்டார். கிளம்பும் முன்பு அவர் பெரிய குண்டானை தேய்த்து சமையல் கூடத்தில் கவிழ்த்துவிட்டு வந்திருந்தார்.

கேள்வி கேட்ட பொடியன் தட்டை பைக்குள் போடவில்லை. கையிலேயே வைத்து கொட்டு மாதிரி தட்டிக்கொண்டு போனான்.

பள்ளி ஜனவரி 5ந் தேதி திங்கட்கிழமை திறக்கிறது. அன்றே மூன்றாம் பருவ புத்தகம் கிடைக்கும், காலையில் உப்புமாவும் கிடைக்கும். அதற்கு அடுத்த வாரம் பொங்கல் லீவு. மாநகராட்சி கல்வித்துறை டோக்கன் அட்டையை அச்சடிப்பதாக இருந்தால் அதற்குள் அடிக்கலாம்.