முறைப்படி வர கப்பல் எங்கே?



பிளானோவில் நம்ம ஆட்கள் கூடும் விருந்துகளில் எல்லையைப் பற்றிப் பேச்சு வந்தாலே ஒரு வாக்கியம் தவறாமல் விழும்: “நாங்க முறைப்படி வந்தோம், அவங்களும் அப்படி வரட்டுமே.” எச்-1பி வாங்கி, கிரீன் கார்டுக்குப் பல வருஷமாகக் காத்திருக்கிறவங்க சொல்றது. அந்த எரிச்சல் புரியுது. ஆனா முறைன்னு ஒண்ணு இருந்தாத்தானே அதன்படி வர முடியும்?

நம்ம கடலையே பாருங்க. 1914 முதல் எழும்பூரில் போட் மெயில் ஏறினால் தனுஷ்கோடி, அங்கிருந்து கப்பலில் தலைமன்னார், மறுபடி ரயிலில் கொழும்பு. 1964 புயல் தனுஷ்கோடியையே அழிச்சுது. அப்பவும் கப்பல் ராமேஸ்வரத்துக்கு மாறி ஓடுச்சு. புயல் நிறுத்தாததைப் போர் நிறுத்தியது. கறுப்பு ஜூலைக்குப் பிறகு, அந்தக் கப்பல் மக்களுக்கு உயிர்த்தேவையாக ஆன அதே 80களில், சேவை நின்றது.

கப்பல்தான் நின்றது, ஆட்கள் கடப்பது நிற்கல. அதே முப்பது கிலோமீட்டர். மீன்பிடிப் படகில், இரவில், கேட்ட காசைக் கொடுத்து. கரைவரை வர பயந்த படகோட்டிகள் மணல்திட்டில் இறக்கிவிட்டுத் திரும்பியதும் உண்டு. கைக்குழந்தையோடு தண்ணீருக்கு நடுவே, யாராவது வரும்வரை நிற்கணும். 2022 பொருளாதார நெருக்கடியிலும் இதே கதைதான். தப்பிக் கரை சேர்ந்தால் மண்டபம் முகாம், சட்டத்தில் “சட்டவிரோதக் குடியேறி” என்ற பெயர். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாடுகளைச் சொன்னது. இலங்கையைச் சொல்லவே இல்லை.

சரி, திரும்பிப் போனால்? 2025 மே மாதம், தமிழ்நாட்டிலிருந்து ஊர் திரும்பிய அகதி முதியவர் ஒருவரைப் பலாலி விமான நிலையத்திலேயே கைது செய்தார்கள். முறையான வழியில் நாட்டைவிட்டு வெளியேறவில்லையாம்! கொழும்பில் விமான நிலையம் இருந்ததேன்னு சிலர் கேட்கலாம். ஷெல்லுக்கு ஓடுகிறவர் அத்தனை சோதனைச் சாவடியையும் தாண்டி, பாஸ்போர்ட்டும் விசாவும் எடுத்து, விமானத்துக்குக் காத்திருக்கணுமா?

2023 அக்டோபரில் நாகப்பட்டினம்–காங்கேசன்துறை கப்பல் தொடங்கியது நல்ல செய்திதான், பாஸ்போர்ட் இருக்கிறவர்களுக்கு. முகாமில் பிறந்து முகாமிலேயே வளர்ந்து, பாஸ்போர்ட் இல்லாமல் இருக்கிறவர்கள் அதில் ஏற முடியாது. அவர்களுக்குக் குடியுரிமையும், திரும்ப விரும்புவோருக்கு வழக்கில்லாத பயணமும் வேண்டும். டெல்லியிடமும் கொழும்பிடமும் நாம் கேட்க வேண்டியது இதைத்தான். அதற்கு முன்னால், அந்த விருந்து மேசையிலேயே சொல்லலாம்: நமக்கு விமானம் இருந்தது, அவங்களுக்கு இருந்த கப்பலை நிறுத்திட்டாங்க.