தூண்டிலுக்கும் ஒரு தடைக்காலம்

ஏப்ரல் 15 பிறந்தால் தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். தேர்வு முடிந்து கோடை விடுமுறை தொடங்குவதும் அப்போதுதான். ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் தூண்டில் பித்துப் பிடித்தவர்கள் ரீலையும் ஐஸ் பெட்டியையும் காரில் ஏற்றிக்கொண்டு கிழக்கே கிளம்புவார்கள். நாட்டுப்படகு ஒன்றை வாடகைக்குப் பேசி, பார் (கடலடிப் பாறைத்திட்டு) இருக்கும் இடத்துக்குப் போய், கலவா, விளமீன், சங்கரா என்று பிடித்துக்கொண்டு திரும்புவார்கள். "தடைக்காலமாச்சே?" என்று கேட்டால் பதில் தயாராக இருக்கும்: "அது விசைப்படகுக்குய்யா. தூண்டிக்கு ஏது தடை?"

இந்தப் பேச்சைப் பெரும்பாலோர் சரியென்றே எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கடலில் கை வைப்பதைக் குறைக்க வேண்டுமென்றால், பிழைப்புக்குப் பிடிப்பவரைக் கேட்பதற்கு முன்னால் பொழுதுபோக்குக்குப் பிடிப்பவரைத்தான் கேட்க வேண்டும். இதற்கு எதிராக வழக்கமாகச் சொல்லப்படும் வாதங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

"சட்டமே தூண்டிலை விட்டுவிட்டதே"

பாதி உண்மை. தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983-இல் வந்தது. அதன்படி 2001 முதல் ஆண்டுக்கு 45 நாள் தடை இருந்தது. 2017-இல் அது 61 நாளானது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, குமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. தடை விசைப்படகுக்கும் இழுவைப்படகுக்கும்தான். நாட்டுப்படகும் வள்ளமும் போகலாம்.

ஏன் போகலாம் என்பதை யோசிக்க வேண்டும். இழுவைமடி கடல் தரையை வழித்துக்கொண்டு வருவது. அதன் சேதம் பெரிது. நாட்டுப்படகுக்காரரின் சேதம் சிறிது, அவருடைய அன்றாடச் சோறும் அதில்தான். அவர் வயிற்றில் அடிக்கக் கூடாது என்பதற்காக விடப்பட்ட வழி அது. விடுமுறையில் பொழுதுபோக்க வருகிற நாம் அந்த வழியில் நுழைந்துகொண்டு "எனக்கும் அனுமதி உண்டு" என்பது, ஏழைக்கு ஒதுக்கிய ரேஷன் அரிசியை வசதியானவன் வரிசையில் நின்று வாங்குவது போன்றது. விசைப்படகுத் தொழிலாளியின் குடும்பம் அந்த 61 நாளையும் அரசு கொடுக்கும் 8,000 ரூபாய் நிவாரணத்தை வைத்துத்தான் ஓட்ட வேண்டும். அவர் கரையில் வலை பின்னிக்கொண்டிருக்க, நாம் ஐஸ் பெட்டியை நிரப்பிக்கொண்டு அவரைக் கடந்து போகிறோம்.

மீதிப் பாதி உண்மையே அல்ல. தூத்துக்குடி முதல் ராமேஸ்வரம் வரையுள்ள 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய பவளப்பாறைக் கடலும் 1986-இல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. அங்கே தூண்டில் என்றாலும் குற்றம்தான். கலவா இனத்திலேயே ஆக மிகப் பெரியது இரண்டு மீட்டருக்கு மேல் வளரும். அந்த இராட்சதக் கலவா 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியும் யானையும் இருக்கும் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அதை வலையில் பிடித்தாயா, தூண்டிலில் பிடித்தாயா என்று சட்டம் பிரித்துப் பார்ப்பதில்லை.

"ஒரு தூண்டி போட்டா கடல் வத்திப் போயிருமா?"

வற்றாது. ஆனால் "ஒரு தூண்டி" என்று யாரும் தனியாக இருப்பதில்லை. இதற்கான பாடம் மெக்சிகோ வளைகுடாவில் இருக்கிறது. அங்கே பொழுதுபோக்குத் தூண்டில்காரர்கள் உயிரை விடுவது சிவப்பு ஸ்நாப்பர் என்ற மீனுக்கு; நம் சங்கராவுக்கு நெருங்கிய சொந்தம். பாரிலும் பாறையிலும் வாழ்வது, ஐம்பது வயதைத் தாண்டியும் உயிரோடிருக்கக் கூடியது. அந்த மீன் வெகுவாகக் குறைந்துபோன பிறகு அமெரிக்க அரசு மொத்தப் பிடிப்புக்கு ஒரு வரம்பு கட்டியது. அதில் 51 சதவீதம் தொழில் மீனவருக்கு, 49 சதவீதம் பொழுதுபோக்குக்காரருக்கு. வார விடுமுறையில் கம்பு பிடிப்பவர்களின் பங்கு, தொழிலாகவே செய்பவர்களின் பங்குக்கு ஏறக்குறையச் சமம்.

பொழுதுபோக்குக்காரருக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு இரண்டு மீன், 16 அங்குலத்துக்குக் குறைந்தது கூடாது என்று விதி வந்தது. அப்படியும் ஒதுக்கீடு சீக்கிரம் தீர்ந்துவிட்டது. மத்திய அரசின் கடல் எல்லையில் சொந்தப் படகுக்காரருக்கான பருவம் 2007-இல் 194 நாள் இருந்தது. 2017-இல் முதலில் மூன்றே நாள் என்று அறிவிக்கப்பட்டது. பெரிய கூச்சல் எழுந்து பிறகு நீட்டினார்கள், அது வேறு கதை. ஆளுக்கு இரண்டு மீன் என்ற கணக்கே ஒரு கடலின் ஒதுக்கீட்டைச் சில நாளில் தின்றுவிடும் என்பதுதான் நாம் பார்க்க வேண்டியது.

நம் பக்கத்தில் அந்த அளவுக்குக் கூட்டம் இன்னும் சேரவில்லை. ஆனால் கருவி சேர்ந்துவிட்டது. முன்பு பாரின் இடம் அனுபவசாலிகளுக்குத்தான் தெரியும். கரையில் தெரியும் கோபுரம், தேர்மாடம், பனங்கூட்டம் ஆகியவற்றை ஒன்றோடொன்று பொருத்திக் கணியம் பார்த்துத்தான் இடத்தைப் பிடிப்பார்கள். மேகமூட்டம் என்றால் அன்று பார் தப்பிவிடும். இப்போது ஜிபிஎஸ்ஸில் ஒருமுறை குறித்துவிட்டால் போதும். இருட்டிலும் அதே பொந்துக்கு மேல் நங்கூரம் போடலாம். கலவாவோ தன் பொந்தை விட்டு அதிகம் அலையாத மீன். ஆள் மாறி ஆள் அதே இடத்துக்கு வந்தால் அந்தப் பார் காலியாக எத்தனை நாளாகும்?

இன்னொன்று: பொழுதுபோக்குக்காரர் தேடுவது பெரிய மீனை. போட்டோவுக்கு அதுதான் அழகு. கலவா இனங்கள் பலவும் பெண்ணாக வாழ்க்கையைத் தொடங்கி, வளர்ந்த பிறகு ஆணாக மாறுபவை. பெரியதாகப் பார்த்துப் பொறுக்கி எடுத்தால் அந்தப் பாரில் ஆண் மீனே அருகிப்போகும். ஸ்நாப்பரில் கதை வேறு மாதிரி: 24 அங்குலப் பெண் மீன் ஒன்று இடும் முட்டை, 17 அங்குல மீன்கள் 212 சேர்ந்து இடும் முட்டைக்குச் சமம் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். கையில் தூக்கிப் பிடித்துப் படமெடுப்பது ஒரு மீனைத்தான். கடலுக்கு நட்டம் ஒரு மீனோடு நிற்பதில்லை.

"நாங்க பிடிச்சுட்டு விட்டுருவோம்ல?"

கண்மாய்க் கெண்டையை விட்டால் அது வாலை அடித்துக்கொண்டு போய்விடும். பார் மீன் அப்படியல்ல. இருபது பாகத்துக்குக் கீழே கிடக்கும் கலவாவை ரீலைச் சுற்றி விறுவிறுவென்று மேலே இழுக்கும்போது, நீரின் அழுத்தம் குறையக் குறைய அதன் வயிற்றுக்குள் இருக்கும் காற்றுப்பை ஊதிக்கொண்டே வரும். படகில் வந்து விழும்போது வயிறு பலூனாக உப்பியிருக்கும், இரைப்பை வாய்வழியாகப் பிதுங்கி வெளியே நிற்கும், கண் புடைத்திருக்கும். அதைத் தண்ணீரில் விட்டால் மூழ்க முடியாமல் மல்லாந்து மிதக்கும். வெயிலோ கடற்பறவையோ மீதியை முடித்துவிடும். விட்டதாக நாம் நினைத்துக்கொள்கிறோம், அவ்வளவுதான்.

மெக்சிகோ வளைகுடாவின் அமெரிக்கப் பகுதியில் இதற்காகவே 2022-இல் ஒரு விதி வந்தது. பார் மீன் பிடிக்கப் போகும் படகில், மீனைத் திரும்ப ஆழத்துக்கு இறக்கிவிடும் எடை கட்டிய கருவியோ, காற்றை வெளியேற்றிவிடும் ஊசியோ கைக்கெட்டும் இடத்தில் தயாராக இருக்க வேண்டும் என்றது அது. நம் படகுகளில் அப்படி ஒன்றைக் கேட்டால் யாருக்கும் புரியாது. அது வரும்வரை, ஆழப் பாரில் "பிடித்துவிட்டு விடுவது" என்பது மனச்சமாதானம்தான். போதுமான மீன் கிடைத்ததும் தூண்டிலைச் சுருட்டிவிடுவதே மீனுக்குச் செய்யும் உதவி.

"மீன் வருஷம் பூரா முட்டை போடுது, ஏப்ரல், மே மட்டும் நிறுத்தி என்ன லாபம்?"

எதிர்த்தரப்பின் வாதங்களில் கனமானது இதுதான். வெப்பமண்டலக் கடலில் மீன்கள் பலவும் ஒரே பருவத்தில் அல்லாமல் நீண்ட காலத்துக்கு முட்டையிடுகின்றன. 61 நாளில் எல்லா மீனும் இனப்பெருக்கம் செய்து முடித்துவிடும் என்று யாராவது சொன்னால் அது மிகை. தடைக்காலத்தின் உறுதியான பயன் வேறு: இத்தனை ஆயிரம் படகுகள் இரண்டு மாதம் ஓடாததால் பிடிப்பு குறைகிறது, வழிக்கப்பட்ட தரைக்கு ஓய்வு கிடைக்கிறது.

ஆனால் இந்த உண்மையிலிருந்து "அப்படியானால் விதியே வேண்டாம்" என்ற முடிவுக்கு எப்படிப் போக முடியும்? பொதுவான ஒரு தடை போதவில்லை என்றால், மீனுக்கு மீன் தனி விதி வேண்டும் என்றுதான் ஆகிறது. கரீபியன் கடலில் நாசாவ் கலவா குளிர்கால முழுநிலவை ஒட்டி ஆண்டுதோறும் அதே இடத்தில் கூட்டம் கூட்டமாகக் கூடி முட்டையிடும். அந்த இடம் தெரிந்த மீனவர்கள் கூட்டத்தையே அள்ளிக்கொண்டு போனதால் பல இடங்களில் அது அற்றுப்போயிற்று. கேமன் தீவுகளில் கூடுமிடத்தை மூடி, முட்டையிடும் மாதங்களில் அந்த மீனைத் தொடவே கூடாது என்று வைத்தார்கள். லிட்டில் கேமனில் கூட்டம் மீண்டும் பெருகியது. நாள்காட்டி தவறு என்றால் நாள்காட்டியைத் திருத்த வேண்டும்.

"இதெல்லாம் வெளிநாட்டுச் சரக்கு"

மன்னார் வளைகுடாவில் வந்து இதைச் சொல்ல முடியாது. முத்துச்சிப்பிப் பார்களில் நினைத்தபோதெல்லாம் குளிக்க முடிந்ததில்லை. முன்கூட்டியே பாரைச் சோதித்து, சிப்பி எடுத்துப் பார்த்து, முற்றியிருந்தால்தான் அந்த ஆண்டு முத்துக்குளிப்பு அறிவிக்கப்படும். இல்லையென்றால் ஆண்டுக்கணக்கில் பார் மூடிக் கிடக்கும். தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் நடந்தது. சங்கிலும் அளவு விதி இருந்தது: குளித்தெடுத்த சங்கை அளவு வளையத்தில் விட்டுப் பார்த்து, சிறியதென்றால் உயிரோடு கடலில் திருப்பிப் போட வேண்டும். குறைந்தபட்ச அளவு, மூடிய பருவம் என்று இன்று பேசப்படும் இரண்டும் நம் பார்களில் பழைய வழக்கம்.

கடலை விட்டுவிட்டு நம் வட்டாரத்துக்கு வாருங்கள். மேலூர், சிங்கம்புணரி, பொன்னமராவதிப் பக்கம் மீன்பிடித் திருவிழா நடக்கிறது. தண்ணீர் வற்றும்வரை ஊர்க் கண்மாயில் யாரும் கை வைக்க மாட்டார்கள். குறித்த நாளில் சுற்றுப்பட்டி சனமெல்லாம் ஊத்தாவும் கச்சாவும் வலையுமாகக் கரையில் வந்து நிற்கும். ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசிய பிறகுதான் அத்தனை பேரும் இறங்குவார்கள். அதிகாரியும் இல்லை, அபராதமும் இல்லை; துண்டு வீசாமல் இறங்கினால் ஊர் பேசும் பேச்சே தண்டனை. மூடிய பருவத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் எந்த நாட்டிலும் கிடைக்காது.

வெள்ளைக்காரன் போட்டதும் ஒன்று உண்டு. 1879-இன் நீலகிரி வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம். பொழுதுபோக்குக்கு வேட்டையாடியவர்களும் தூண்டில் போட்டவர்களும், தங்கள் விளையாட்டு தொடர வேண்டுமென்றால் தங்களுக்கே பருவமும் உரிமமும் வேண்டும் என்று ஒப்புக்கொண்ட சட்டம் அது. அந்தச் சுயநலத்தையாவது நாம் காப்பியடிக்கலாம்.

"எங்க ஊர்ல கடலே இல்லையே"

கடல் இல்லை, காடும் கண்மாயும் இருக்கின்றன, அங்கேயும் தூண்டிலுக்கு விதி இருக்கிறது. செண்பகத்தோப்பு முதல் அய்யனார் கோயில் வரை மலையடிவார நீரோடைகள் நம் பையன்களுக்குப் பிடித்த இடம். அவற்றுக்கு மேலே உள்ள காடு 1988 முதல் சாம்பல் நிற அணில் சரணாலயம். 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம். வனவிலங்குச் சட்டத்தில் மீனும் விலங்குதான். காப்பகத்துக்குள் அதைப் பிடிப்பது வேட்டை. காவிரியில் கர்நாடகப் பக்கம் பீமேஸ்வரியில் பிரபலமாக இருந்த தூண்டில் முகாம்கள், மீனைப் பிடித்துத் திருப்பி விட்டவைதான். சரணாலய எல்லைக்குள் அதுவும் ஆகாது என்று அவையே நின்றுபோயின.

கண்மாய் பொதுச்சொத்து, ஆனால் ஏலம் போன கண்மாயில் மீன், மீன்பாசிக் குத்தகைதாரருடையது. குஞ்சு வாங்கி விட்டவர் அவர். கேட்காமல் தூண்டில் போடுவதற்கு ஊரில் என்ன பெயர் என்று எல்லோருக்கும் தெரியும். கேட்டுப் போடுபவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தி மாட்டினால் மட்டும் தயவுசெய்து திருப்பி விடாதீர்கள். அது மற்ற மீனையெல்லாம் தின்று தீர்ப்பது.

பிறகு என்ன செய்யலாம்?

அரசு செய்ய வேண்டியது அதிகமில்லை. வாடகைக்கு ஆள் ஏற்றும் தூண்டில் படகுக்குத் தனிப் பதிவு, ஆளுக்கு இத்தனை மீன் என்ற வரம்பு, கலவாவுக்கும் விளமீனுக்கும் சங்கராவுக்கும் குறைந்தபட்ச அளவு, 61 நாளும் பொழுதுபோக்குச் சவாரிக்கு ஓய்வு: இந்த நான்கு போதும். வருமானம் இழக்கும் நாட்டுப்படகுக்காரர் அந்த இரண்டு மாதமும் தன் தொழிலுக்குத் தடையின்றிப் போகலாம். வாடகைக்கு நாம்தான் போகக் கூடாது.

அரசு உத்தரவு வரும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. ராஜபாளையத்துத் தூண்டில் நண்பர்கள் வாட்ஸ்அப் குழுவிலேயே இதை முடிவு செய்துவிடலாம்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கடல் பயணம் கிடையாது, மற்ற நாளில் ஆளுக்கு இரண்டு பார் மீனுக்கு மேல் கிடையாது. சிங்கம்புணரிக்காரர் ஒரு துண்டு வீச்சுக்காகக் கரையில் காத்திருக்கும்போது, தூண்டிலுக்கு மட்டும் காத்திருப்பு எதற்கு என்று நாம் கேட்டுக்கொண்டிருக்க முடியாது.