ஓட்டுநருக்கு என்ன ஆனது?

வெளிநாட்டுத் தொண்டு நிறுவன ஊழியர்களைச் சுற்றி நடக்கும் உளவுக் கதைகளுக்கு ஒரு நிரந்தரச் சட்டகம் உண்டு. ஏதோ ஒரு நாட்டில் அரசு சரிந்துகொண்டிருக்கிறது. தலைநகரில் மின்சாரம் இல்லை. வெளிநாட்டவர் தங்கும் விடுதியில் மட்டும் ஜெனரேட்டர் ஓடுகிறது. அங்கே ஒரு மருத்துவர், ஒரு பத்திரிகையாளர், ஒரு தூதரக அதிகாரி, நிவாரண மூட்டைகளுக்குக் கணக்கு வைத்திருக்கும் ஒரு தொண்டு நிறுவனக்காரர். நால்வரில் ஒருவர் உளவாளி. அது யார் என்பதுதான் கதை. வாசலில் வெள்ளை நிற லேண்ட் க்ரூசர் நிற்கிறது. அதன் ஓட்டுநர் இருக்கையில் உள்ளூர்க்காரர் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். முடிவில் ஹெலிகாப்டர் வரும். அவர் அதில் ஏறமாட்டார்.

இந்த நாவல்களையும் படங்களையும் நான் விரும்பித் தேடிப் போகிறேன். முனைவர் பட்ட ஆய்வுக்கான கனத்த நூல்களுக்கு நடுவே மூச்சு வாங்க இவைதான் உதவுகின்றன. வணிகக் குப்பை என்று இவற்றை ஒதுக்கிவிடும் அறிவுஜீவி மேட்டிமை எனக்கு ஒப்பில்லை. அரசியல் கட்டுரை ஒன்றைக்கூடப் படிக்காத ஏராளமானோர் காங்கோவையும் சூடானையும் ஆப்கானிஸ்தானையும் இந்தக் கதைகள் வழியாகத்தான் அறிகிறார்கள். யாருக்காகப் பதற வேண்டும், யாருடைய சாவை லேசாகக் கடந்துபோகலாம் என்பதையும் இவையே நமக்குப் பழக்குகின்றன. அதனால்தான் இவற்றைப் பொருட்படுத்தி விமர்சிக்க வேண்டியிருக்கிறது.

வந்திறங்கிய வெளிநாட்டவர் நல்லவரா, கெட்டவரா என்ற கேள்வியை இந்தக் கதைகள் சளைக்காமல் கேட்கின்றன. அவர் ஊர் திரும்பிய பிறகு பழி யார் தலையில் விழுந்தது என்ற கேள்வியை மட்டும் கேட்பதே இல்லை. என் விமர்சனம் இவ்வளவுதான்.

இந்த வகைமையின் மூலவர் கிரகாம் கிரீன். 1955இல் வெளிவந்த அவருடைய 'தி கொயட் அமெரிக்கன்' நாவலில் பைல் என்ற அமெரிக்க இளைஞன் சைகோனுக்கு வருகிறான். பிரெஞ்சுக் காலனி ஆட்சி ஆட்டங்கண்டிருந்த நேரம். அமெரிக்கப் பொருளாதார உதவிக் குழுவில் அவனுக்கு வேலை. உதவியின் பெயரால் அவன் கொண்டுவந்த பிளாஸ்டிக், ஒரு தளபதியின் கைக்குப் போய், நகரச் சதுக்கத்தில் வெடிகுண்டாக வெடிக்கிறது. உதவிக் குழு என்பது ஒரு போர்வையாகவும் இருக்கலாம் என்பதை இவ்வளவு துணிச்சலாக அன்றைக்குச் சொன்னவர்கள் குறைவு. 1958இல் ஹாலிவுட் இதைப் படமாக்கியபோது பைலை அப்பாவியாக்கி, பழியைக் கம்யூனிஸ்டுகள் மீது திருப்பிவிட்டது. நாவலுக்கு விசுவாசமாக மீண்டும் எடுக்கப்பட்ட படம் 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு வெளியாகாமல் தள்ளிப்போய் 2002இல்தான் திரைக்கு வந்தது.

ஆனால் கிரீனின் துணிச்சலுக்கும் எல்லை உண்டு. நாவலில் வரும் வியட்நாமியப் பெண் ஃபுவோங், ஓர் ஆங்கிலேயனும் ஓர் அமெரிக்கனும் போட்டி போடும் பொருளாகவே கடைசிவரை இருக்கிறாள். தன் ஊரில் வெடித்த குண்டைப் பற்றி அவள் என்ன நினைத்தாள் என்பதற்கு நாவலில் இடமில்லை.

கிரீன் எழுதியது வெறும் கற்பனையல்ல என்பதை வரலாறு பிறகு காட்டியது. லாவோஸில் தன் நிறுவனம் சி.ஐ.ஏ.வுக்குப் போர்வையாக இருந்ததை 1970இல் யு.எஸ்.எய்ட் தலைவர் ஜான் ஹன்னாவே ஒப்புக்கொண்டார். அங்கே சி.ஐ.ஏ.வின் 'ஏர் அமெரிக்கா' விமானங்கள் அரிசி மூட்டையையும் ஏற்றின, ஆயுதத்தையும் ஏற்றின.

நம் காலத்துக்கு வருவோம். பின்லேடன் அபோட்டாபாத்தில்தான் இருக்கிறாரா என்று உறுதிசெய்ய, 2011இல் சி.ஐ.ஏ. ஒரு பாகிஸ்தானிய மருத்துவரை வைத்து ஹெபடைடிஸ் பி தடுப்பூசி முகாம் என்ற பெயரில் மரபணு மாதிரி சேகரிக்க முயன்றது. சில மாதங்களில் விஷயம் பத்திரிகைகளில் வெளியானது. தடுப்பு மருந்து என்பதே மேற்கத்தியச் சதி என்ற வதந்தி அங்கே முன்பிருந்தே உண்டு. இப்போது அந்த வதந்திக்கு ஓர் உண்மை ஆதாரம் கிடைத்துவிட்டது. 2012 ஜூனில் வசிரிஸ்தான் பகுதியில் போலியோ சொட்டு மருந்துக்குத் தாலிபான் தளபதிகள் தடை போட்டார்கள். அந்த டிசம்பரில் கராச்சியிலும் பெஷாவரிலும் போலியோ பணியாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கொல்லப்பட்டவர்களில் பெரும்பாலோர் பெண்கள். சொற்பக் கூலிக்கு வீடு வீடாக ஏறி இறங்கிக் குழந்தைகளின் வாயில் இரண்டு சொட்டு விட்டவர்கள். எய்தவன் இருக்க அம்பை நோவதேன் என்பார்கள். இவர்கள் அம்புகூட இல்லை. அந்த ஹெபடைடிஸ் முகாமுக்கும் இவர்களுக்கும் சம்பந்தமே கிடையாது.

அதே 2012 டிசம்பரில்தான் அமெரிக்காவில் 'ஜீரோ டார்க் தர்ட்டி' படம் வெளியானது. ஒரு சின்னக் காட்சியில் அந்தத் தடுப்பூசி நாடகம் வருகிறது. உண்மையில் நடந்தது ஹெபடைடிஸ் பி ஊசி. படம் அதைப் போலியோ என்று காட்டியது. திரையில் சில நொடி. கராச்சித் தெருக்களில் போலியோ என்ற சொல்லுக்காகவே உயிர் போய்க்கொண்டிருந்தது. இனித் தடுப்பூசித் திட்டங்களைச் சி.ஐ.ஏ. பயன்படுத்தாது என்று வெள்ளை மாளிகை 2014 மே மாதம் உறுதி சொன்னது. அந்த உறுதி யாரையும் உயிர்ப்பிக்கவில்லை.

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். 'தொண்டு நிறுவனக்காரர்கள் எல்லாம் உளவாளிகள்' என்பதல்ல என் வாதம். அது அடக்குமுறை அரசுகளுக்குப் பிடித்தமான வாதம். கேள்வி கேட்பவர்களை 'அந்நியச் சதி' என்று சொல்லி வாயடைக்க அது எப்போதும் தயாராக இருக்கிறது. உளவாளி போட்டுக்கொண்ட போர்வை அவனைக் காப்பாற்றுகிறது. அவன் கழற்றி எறிந்த பிறகு, அதே போர்வை உள்ளூர் ஊழியர் மீது சந்தேகமாக ஒட்டிக்கொள்கிறது. இரண்டு பக்கத் துப்பாக்கிகளும் அவரையே பார்க்கின்றன.

இந்தக் கதைகள் மறைக்கும் இன்னொன்று, அந்த அரசு ஏன் சரிந்தது என்பது. ஏதோ மழை வெயில் போல, அந்த மண்ணின் இயல்பு போல அரசு வீழ்ச்சியைப் பின்னணியில் தொங்கவிடுகிறார்கள். காங்கோவை எடுத்துக்கொள்ளுங்கள். 1960இல் விடுதலை பெற்ற நாட்டின் முதல் பிரதமர் பாட்ரிஸ் லுமும்பா. அவரைக் கொல்ல சி.ஐ.ஏ. திட்டம் போட்டதை அமெரிக்க செனட் விசாரணையே பதிவு செய்தது. 1961 ஜனவரி 17 அன்று அவர் சுட்டுக் கொல்லப்பட்டபோது பெல்ஜிய அதிகாரிகள் உடனிருந்தார்கள். அதன்பின் மேற்குலகின் தயவில் மொபுட்டு 1997 வரை நாட்டைச் சுரண்டினார். அந்த அரசு தானாகச் சரியவில்லை. உளவு நிறுவனங்களும் சேர்ந்து சரித்தார்கள். சரித்த இடத்திலேயே பிறகு உளவுக் கதைக்கு செட் போடுகிறார்கள்.

இந்த வகைமையில் மனசாட்சியோடு எழுதியவர் என்றால் ஜான் லெ காரேயைச் சொல்ல வேண்டும். 2001இல் வந்த 'தி கான்ஸ்டன்ட் கார்டனர்' நாவல், ஆப்பிரிக்க ஏழைகள் மீது மருந்து சோதிக்கும் பன்னாட்டு நிறுவனத்தையும் அதற்குத் துணைபோகும் பிரிட்டிஷ் தூதரகத்தையும் தோலுரிக்கிறது. அதை அம்பலப்படுத்த முயலும் டெசா வடக்குக் கென்யாவில் கொல்லப்படுகிறாள். அவளுடைய வாகனத்தை ஓட்டிய நோவாவும் கொல்லப்படுகிறான். மீதிப் பக்கங்கள் முழுவதும் டெசாவின் கணவன் கண்டம் கண்டமாக அலைந்து அவள் ஏன் செத்தாள் என்று துப்புத் துலக்குகிறான். நோவாவுக்காக யாரும் அலையவில்லை. அவன் வீட்டில் யார் இருந்தார்கள் என்று நமக்குத் தெரியாது.

அந்த நாவலை லெ காரே இவெத் பியெர்போலி என்ற பிரெஞ்சுப் பெண்மணிக்குச் சமர்ப்பித்தார். 1970களில், வீழ்ச்சியின் விளிம்பில் இருந்த புனோம் பென் நகரில் அவர் சந்தித்தவர், அகதிகளுக்காகவே வாழ்ந்தவர். 1999 ஏப்ரலில் கொசோவோ அகதிகளைப் பார்க்கப் போனபோது அல்பேனியாவில் கார் விபத்தில் இறந்தார். கூடவே இரண்டு சக ஊழியர்களும், அவர்களுடைய அல்பேனிய ஓட்டுநரும் இறந்தார்கள். நினைவுக் குறிப்புகளில் மூவருக்குப் பெயர் இருக்கிறது. நான்காமவர் பெரும்பாலும் 'ஓட்டுநர்'தான்.

நாவலின் 2005 திரைப்பட வடிவில் ஒரு காட்சி உண்டு. தெற்கு சூடான் முகாம் ஒன்றைக் கொள்ளையர்கள் தாக்குகிறார்கள். நிவாரண விமானம் புறப்படத் தயாராகிறது. ஓடிவந்த ஒரு சிறுமியை ஏற்றிக்கொள்ளும்படி கதாநாயகன் மன்றாடுகிறான், பணம் தருகிறேன் என்கிறான். விமானி மறுக்கிறார்: நிவாரணப் பணியாளர்களுக்கு மட்டுமே அனுமதி, அதுதான் விதி. சிறுமி தானே இறங்கி ஓடிவிடுகிறாள். விமானிக்குக் கல்நெஞ்சம் என்பதல்ல சிக்கல். யார் ஏறலாம், யார் ஏறக் கூடாது என்ற பட்டியல் அவர் வருவதற்கு முன்பே எழுதப்பட்டுவிட்டது. 1994 ஏப்ரலில் ருவாண்டாவில் நடந்ததும் இதுதான். பிரெஞ்சு, பெல்ஜியப் படைகள் வந்து வெளிநாட்டவரை அள்ளிச் சென்றன. அவர்களுடன் ஆண்டுக்கணக்கில் வேலை செய்த டுட்சி ஊழியர்கள் பலர் கொலைகாரர்கள் நடுவே விடப்பட்டார்கள்.

தமிழர்களுக்கு இது தூரத்துக் கதை இல்லை. 2006 ஆகஸ்ட் 4, மூதூர். சுனாமிக்குப் பிந்தைய மறுவாழ்வுப் பணியில் இருந்த ஏ.சி.எஃப். என்ற பிரெஞ்சுத் தொண்டு நிறுவனத்தின் ஊழியர்கள் 17 பேர், ராணுவத்துக்கும் புலிகளுக்கும் இடையிலான சண்டையில் தங்கள் அலுவலகத்தில் சிக்கிக்கொண்டார்கள். 16 பேர் தமிழர், ஒருவர் முஸ்லிம். அனைவரும் உள்ளூர் ஊழியர்கள். நிறுவனத்தின் பெயர் பொறித்த பனியன்தான் அவர்கள் நம்பிய கவசம். பெரும்பாலோரை அலுவலக வளாகத்திலேயே மண்டியிடவைத்துச் சுட்டார்கள். அரசப் படைகளே காரணம் என்று நார்டிக் நாடுகளின் போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழு அந்த ஆகஸ்டிலேயே கூறியது. அரசு மறுத்தது. 2013இல் ஏ.சி.எஃப். தன் சொந்த அறிக்கையில் அதே முடிவுக்கு வந்தது. இன்றுவரை ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை.

இரண்டாண்டு கழித்து, 2008 செப்டம்பரில், அரசின் உத்தரவை ஏற்று ஐ.நா. வன்னியை விட்டு வெளியேறியது. போகாதீர்கள் என்று கிளிநொச்சி அலுவலக வாசலில் மக்கள் கூடி மன்றாடினார்கள். வெளிநாட்டு ஊழியர்கள் போனார்கள். புலிகள் வெளியேற அனுமதி தராததால் உள்ளூர் ஊழியர்கள் பலர் குடும்பத்தோடு உள்ளேயே மாட்டிக்கொண்டார்கள். ஐ.நா. தன் கடமையில் தவறியது என்பதை அதன் உள்விசாரணை அறிக்கையே 2012இல் ஏற்றுக்கொண்டது. இதைவிடப் பதற்றமான கதை எந்த உளவு நாவலில் இருக்கிறது? இருந்தும் இதை யாரும் திரில்லராக எழுதுவதில்லை. தப்பிச் செல்லும் வெள்ளைக்காரக் கதாநாயகன் இதில் இல்லை அல்லவா?

2024இல் மட்டும் உலகம் முழுவதும் 383 நிவாரணப் பணியாளர்கள் கொல்லப்பட்டதாக ஐ.நா. சொல்கிறது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் தங்கள் சொந்த மண்ணில் வேலை பார்த்தவர்கள். 'சர்வதேச ஊழியர்', 'தேசிய ஊழியர்' என்று நிறுவனங்களே இரண்டு படிநிலைகளை வைத்திருக்கின்றன. சம்பளம் வேறு, காப்பீடு வேறு, ஆபத்து வந்தால் வெளியேற்றும் விதியும் வேறு. பிறந்த இடத்தை வைத்து உயிருக்கு விலை போடும் எந்த ஏற்பாட்டையும் நம்மால் உடனே அடையாளம் காண முடியும். விளக்கவுரை தேவையில்லை.

கதைகளால் இதை மாற்றிச் சொல்ல முடியாதா? முடியும். லெ காரேயே 2006இல் 'தி மிஷன் சாங்' நாவலில் முயன்றிருக்கிறார். அதன் நாயகன் உளவாளி அல்ல, மொழிபெயர்ப்பாளன். அயர்லாந்து மிஷனரிக்கும் காங்கோ பெண்ணுக்கும் பிறந்தவன். கிழக்குக் காங்கோவின் கனிமங்களுக்காக நடக்கும் ரகசியப் பேரத்தில் எல்லாத் தரப்பின் பேச்சும் அவன் காது வழியாகத்தான் போகிறது. அவனுக்கும் ஒரு நிலைப்பாடு இருக்கும் என்று அங்கிருந்த யாருக்கும் தோன்றவில்லை. கடைசியில் அவன் பிரிட்டிஷ்காரனே இல்லை என்று சொல்லித் தடுப்பு முகாமில் அடைக்கிறார்கள். பார்வைக் கோணத்தை ஒரு நாற்காலி தள்ளிப் போட்டதுமே கதையின் அரசியல் மாறிவிடுகிறது.

இன்னும் ஒரு நாற்காலி தள்ளலாம். இதைப் படிப்பவர்களில் குறும்படம் எடுப்பவர்கள், வெப் சீரிஸ் எழுதுபவர்கள் இருப்பீர்கள். சோதனைச் சாவடியில் யாரிடம் எப்படிப் பேச வேண்டும், எந்தப் பாதையில் கண்ணிவெடி, துரை உண்மையில் யாருக்கு வேலை பார்க்கிறார் என்பதெல்லாம் ஓட்டுநருக்குத் தெரியும். அவ்வளவு தெரிந்தவரைவிடச் சிறந்த திரில்லர் நாயகன் எங்கே கிடைப்பான்? அவருக்கு ஒரு பெயரும் ஒரு வீடும் கொடுங்கள். துரை போன மறுநாள் காலையிலிருந்து கதையைத் தொடங்குங்கள்.

அதுவரை பார்வையாளர்களாக நம்மால் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. ஹெலிகாப்டர் மேலெழும்பும்போது கேமராவும் மேலே போகும். நாம் கீழே நிற்பவரைத் தேடுவோம்.