ஒப்பீட்டுப் பட்டியலில் விடுபட்ட வரி

பெங்களூரின் எஸ்.பி. சாலையில் ஏதேனும் ஒரு கடையில் ஆஸிலோஸ்கோப் விலை கேட்டுப் பாருங்கள். "எத்தனை மெகாஹெர்ட்ஸ் வேண்டும்?" என்பதே முதற்கேள்வியாக வரும். வணிகர் அப்படிக் கேட்பதில் பிழையில்லை. முனைவர் பட்டம் பெற்றோர் கூடி அமரும் கொள்முதல் குழுவும் அதே கேள்வியோடு நின்றுவிடுவதுதான் பிழை. பட்டை அகலம், மாதிரி வேகம், விலை என்ற மூன்று வரிகளோடு ஒப்பீட்டுப் பட்டியல் முடிந்துவிடுகிறது. அக்கருவியின் முன் ஐந்தாண்டுகள் அமரப்போகும் ஆய்வு மாணவரை எவரும் ஒரு சொல் கேட்பதில்லை.

பலரும் அறிந்த இரண்டு கருவிகளை எடுத்துக்கொள்வோம். ஒன்று டெக்ட்ரானிக்ஸ் டிபிஎஸ்1102பி; மற்றொன்று சிக்லென்ட் எஸ்டிஎஸ்1104எக்ஸ்-இ. இரண்டுமே 100 மெகாஹெர்ட்ஸ், 8 பிட் கருவிகள். மாதிரி வேகமோ முன்னதற்கு நொடிக்கு 200 கோடி, பின்னதற்கு 100 கோடி. மூன்று வரிப் பட்டியலின்படி முன்னதே உயர்ந்தது.

இனி, பட்டியலில் விடுபட்ட வரியைப் பார்ப்போம். அதன் பெயர் நினைவக ஆழம். முன்னது ஒரு சேனலுக்கு 2,500 புள்ளிகளையே சேமிக்கும், பின்னது 1.4 கோடி வரை சேமிக்கும். நொடிக்கு 200 கோடி வேகத்தில் 2,500 புள்ளிகள் 1.25 மைக்ரோநொடியில் நிரம்பிவிடும். ஒரு மின்வழங்கி உயிர்பெறும் 10 மில்லிநொடியை முழுமையாகப் பதிய வேண்டுமென்றால், அக்கருவி தன் வேகத்தை நொடிக்கு 2.5 லட்சமாகக் குறைத்துக்கொள்ள வேண்டியதுதான். அதாவது 4 மைக்ரோநொடிக்கு ஒரு புள்ளி. 115200 பாட் வேகத்தில் ஓடும் தொடர் இணைப்பில் ஒரு பிட்டின் நீளம் ஏறத்தாழ 8.7 மைக்ரோநொடி, ஆக, பிட்டுக்கு இரண்டே புள்ளிகள்! பின்னதோ அதே 10 மில்லிநொடியை, ஒரு சேனலில், தன் முழு வேகத்திலேயே 1 கோடி புள்ளிகளாகப் பதிந்துவிடும். விளம்பரத்தில் மின்னிய 200 கோடி எங்கே போயிற்று?

"பீக் டிடெக்ட் இருக்கிறதே" என்பார்கள். இருக்கிறது. குறுந்துடிப்பு ஒன்று வந்துபோனதை அது காட்டும்; அதன் உருவத்தைக் காட்டாது. திருடன் வந்தான் என்று தெரியும், முகம் தெரியாது.

அப்படியானால் பின்னதே சிறந்தது என்று முடித்துவிடலாமா? அதுவும் அவசரத் தீர்ப்பே. அதன் நான்கு சேனல்களுக்கும் சேர்த்துச் செங்குத்து அளவை மாற்ற ஒரே குமிழ்தான். எந்தச் சேனல் தேர்வாகியிருக்கிறது என்று பாராமல் திருகும் புதிய மாணவர் வேறொரு அலையைக் குலைத்துவிடுவார். முன்னதில் ஒவ்வொரு சேனலுக்கும் தனிக் குமிழ் உண்டு. முதலாண்டு செய்முறை வகுப்பில் அந்த எளிமைக்கு ஈடில்லை. "எது சிறந்தது?" என்பதல்ல, "எவருக்கு, எந்த அளவீட்டுக்கு?" என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

இதைச் சொன்னால் உடனே வரும் பதில், "அரசு விதி அப்படி, குறைந்த விலைக்காரருக்கே கொடுக்க வேண்டும்." இந்தச் சாக்கைத்தான் நான் ஏற்க மறுக்கிறேன். பொது நிதி விதிகள் 2017இன் 144ஆம் விதி, நிறுவனத்தின் குறிப்பான தேவைக்கேற்பத் தொழில்நுட்ப விவரங்களைத் தெளிவாக வரையறுக்கவே சொல்கிறது. தேவையற்ற அம்சங்களைச் சேர்க்காதே என்கிறது. அவ்விவரங்களை நிறைவு செய்தோருள்தான் குறைந்த விலை பார்க்கப்படுகிறது. அவற்றை எழுதுவது தில்லியன்று, நாம். பழைய ஒப்பந்தப்புள்ளியைத் திறந்து ஆண்டை மட்டும் மாற்றிவிட்டு விதியைப் பழிப்பது நேர்மையா? நில எல்லை நாடுகளின் ஏலதாரர்கள் பதிவு பெற வேண்டும் என்ற 2020 ஜூலை ஆணை சீனக் கருவிகளுக்குத் தடையாகலாம். ஆகட்டும், நான் எந்த நிறுவனத்துக்கும் வழக்காட வரவில்லை. நினைவக ஆழத்தைத் தேவையாக எழுதுவதற்கு எந்த ஆணையும் தடையில்லை.

என் கோரிக்கைகள் மூன்று. பதிய வேண்டிய மிக நீண்ட நிகழ்வின் கால அளவையும், அதற்குள் காண வேண்டிய மிகக் குறுகிய துடிப்பையும் விவரக்குறிப்பில் எழுதுங்கள். தேவையான நினைவகம் தானே கணக்கில் வந்துவிடும். கருவியை ஒரு நாள் வரவழைத்து, விற்பனையாளரின் செயல்விளக்கப் பலகையில் அல்லாமல், நம் சுற்றிலேயே சோதியுங்கள். அதைத் தொடப்போகும் மாணவரின் கருத்தை எழுத்தில் பெற்றுக் கோப்பில் சேருங்கள்.

தவறான கருவி வாங்கிய குழு அடுத்த கூட்டத்துக்குள் அதை மறந்துவிடும். காணாத துடிப்பைத் தேடி மாதங்களை இழப்பவர் மாணவர்; அவரது உதவித்தொகைக்கோ கால வரம்பு உண்டு.

நண்பர்களே, உங்கள் ஆய்வகம் கடைசியாக வாங்கிய கருவியின் ஒப்பீட்டுப் பட்டியலில் எத்தனை வரிகள் இருந்தன?