அம்பத்தூரில் ஒரு கிரவுண்டு

அம்பத்தூர்ப் பக்கம் மனை பார்க்கப் போகும் சகோதரிகள் கேட்கிற முதல் கேள்வி, "கிரவுண்டு என்ன விலை?" என்பதுதான். விலை இருக்கட்டும். விற்கிறவருக்கு அக்கா, தங்கை உண்டா என்று முதலில் விசாரியுங்கள்! சிரிக்காதீர்கள், விஷயம் இருக்கிறது.

1960-களில் தொழிற்பேட்டை வருவதற்கு முன் அந்த வட்டாரத்தில் வயலாகக் கிடந்த நிலங்கள் எத்தனையோ இன்று மனைகளாகக் கை மாறுகின்றன. அவற்றில் தாத்தா காலத்துப் பூர்விகச் சொத்தும் உண்டு. "அண்ணனும் தம்பியும் கையெழுத்துப் போட்டால் போதும்" என்று தரகர் சத்தியம் செய்வார். போதாது, அம்மா! இந்துக் குடும்பத்தின் பூர்விகச் சொத்தில் பெண்ணுக்கும் பிறப்பிலேயே பங்கு என்று 1989-இலேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. அதற்கு முன்பே மணமாகிவிட்ட பெண்களை மட்டும் அது ஒதுக்கி வைத்திருந்தது. 2005-இல் மத்திய சட்டம் திருத்தப்பட்டபோது அந்தக் குறையும் தீர்ந்தது. திருத்தம் வருமுன்பே தகப்பனார் காலமாகியிருந்தாலும் மகளின் உரிமை போகாது என்று 2020-இல் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. (2004 டிசம்பர் 20-க்கு முன்பே முறைப்படி பாகம் பிரித்தோ விற்றோ முடிந்ததை இது கலைக்காது.)

ஆகவே, மதுரையிலோ டில்லியிலோ வாழ்க்கைப்பட்டிருக்கும் அந்த வீட்டுப் பெண் கையெழுத்திடாமல் கிரயம் முடித்தால், நீங்கள் வீடு கட்டிக் குடிபோன பிறகு அவளிடமிருந்து வக்கீல் நோட்டீஸ் வரலாம். அவள் மீது என்ன தப்பு? அவள் பங்கை அவள் கேட்கிறாள்! வாரிசுச் சான்றிதழை வாங்கிப் பாருங்கள். அதிலுள்ள அத்தனை பேரும் பத்திரத்தில் கையெழுத்திடட்டும்.

"வில்லங்கச் சான்று சுத்தமாக இருக்கிறதே!" என்பீர்கள். பதிவான பத்திரங்கள்தாம் அதில் தெரியும். பதியாத உயில் தெரியாது; பெண்ணின் பங்கும் தெரியாது. மூலப் பத்திரத்திலிருந்து வரிசையாக ஒரு வக்கீல் படித்துப் பார்ப்பது அவசியம். பட்டா யார் பெயரில் இருக்கிறது என்பதையும் அவரே பார்த்துவிடுவார்.

அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி அருகே மனை என்றால், "ஜிலுஜிலுவென்று காற்று வரும்" என்பார்கள். தண்ணீரும் வருமா என்று கேளுங்கள். 2015 டிசம்பர் மழையில் எவ்வளவு உயரம் நின்றது என்று அக்கம்பக்கத்துப் பெண்களிடம் விசாரித்தால் சுவரிலேயே தொட்டுக் காட்டுவார்கள். சித்திரை வெயிலில் மனை பார்ப்பதைவிட ஐப்பசி அடைமழையில் பார்ப்பது நல்லது.

சி.எம்.டி.ஏ. அங்கீகரித்த வரைபடத்தில் உங்கள் மனை எண்ணைத் தேடிப் பாருங்கள். பூங்காவுக்கென்று விட்ட இடத்தையே விற்கிற புண்ணியவான்களும் உண்டு.

பெண்கள் பெயரில் பதிந்தால் சலுகை உண்டாமே என்று கேட்கிறீர்கள். உண்டு. 2025 ஏப்ரல் முதல், பத்து லட்ச ரூபாய் வரை மதிப்புள்ள சொத்துக்குப் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைத்தார்கள். பத்து லட்சத்துக்கு அம்பத்தூரில் கிரவுண்டு ஏது என்கிறீர்களா? அதுவும் நியாயந்தான், ஆவடியையும் தாண்டிப் போய்த் தேட வேண்டியிருக்கும்.