தொலைந்த பிள்ளை

மலையாளத்தின் முதல் படத்துக்குப் பெயர் 'விகதகுமாரன்'. தமிழில் 'தொலைந்த பிள்ளை' என்று பெயர்ப்பேன். 'காணாமல் போன மகன்' என்றால் போலீஸ் ஸ்டேஷன் நோட்டீஸ் மாதிரி இருக்கும். கதையோ அப்படித்தான். திருவிதாங்கூரின் பணக்கார வீட்டுப் பையனை பூதநாதன் என்ற வில்லன் இலங்கைக்குக் கடத்திவிடுகிறான். பையன் அங்கே தோட்டத்தில் வளர்கிறான். வழியில் இலங்கையில் இறங்கும் உறவுக்காரன் ஜெயச்சந்திரனிடமும் பூதநாதன் கொள்ளையடிக்கிறான். கடைசியில் முதுகிலுள்ள தழும்பை வைத்துப் பிள்ளையை அடையாளம் காண்கிறார்கள்.

புராணக் கதைகளே படமாகிக்கொண்டிருந்த நாட்களில் இப்படி ஒரு கடத்தல் கதை! இதற்கு ஆச்சரியப்பட வேண்டியதில்லை. கொட்டகைகளில் அப்போது எட்டி போலோவின் அமெரிக்கத் தொடர்படங்கள் சக்கைப்போடு போட்டன. ஒவ்வொரு பகுதியும் ஆபத்தின் உச்சத்தில் நின்றுவிடும். மிச்சத்துக்கு ஜனங்கள் மறுபடி கொட்டகைக்கு வரவேண்டும். நம் வாரப் பத்திரிகைகளின் 'தொடரும்' போல.

படத்தை எடுத்தவர் ஜே.சி. டேனியல். பல் வைத்தியம் படித்தவர், வாள் வீச்சைப் பற்றிப் புத்தகம் எழுதியவர். களரியையும் சிலம்பத்தையும் திரையில் காட்டவேண்டும் என்பதுதான் ஆரம்ப ஆசை. நிலத்தை விற்று, திருவனந்தபுரம் பட்டத்தில் 'திருவிதாங்கூர் நேஷனல் பிக்சர்ஸ்' தொடங்கினார். கதை, டைரக்‌ஷன், தயாரிப்பு, ஜெயச்சந்திரன் வேடம் எல்லாம் அவரே. நகரின் கேபிடல் தியேட்டரில் படம் வெளியானது 1928இல் என்றே நெடுங்காலம் எழுதிவந்தார்கள். 1930 அக்டோபர் 23தான் சரி என்று பிற்பாடு ஆய்வாளர்கள் ஆதாரம் காட்டினார்கள்.

கதாநாயகி சரோஜினி நாயர் வீட்டுப் பெண். நடித்த பி.கே. ரோசி, தலித். அது போதுமாயிருந்தது. நாயகன் அவள் கூந்தல் பூவைத் தொடும் காட்சியில் திரையின் மேல் கல் விழுந்தது என்கிறார்கள். ரோசியை முதல் காட்சிக்கே தியேட்டருக்குள் விடவில்லையாம். அவர் வீட்டைக் கொளுத்தினார்கள். ஊரைவிட்டு ஓடி நாகர்கோவில் பக்கம் வந்து, லாரி டிரைவர் கேசவ பிள்ளையை மணந்து, ராஜம்மாள் என்ற பெயரில் வாழ்ந்து மறைந்தார். அவருடைய படம் என்று ஒன்று புழக்கத்தில் இருக்கிறது. அதுவும் அவர்தானா என்று உறுதியில்லை. 'விகதகுமாரன்' கைக்குக் கிடைத்தால் சினிமா ரசிகனுக்குக் கிடைப்பது ஒரு பழைய படம். ரோசிக்குக் கிடைப்பதோ அவருடைய முகம்.

படச்சுருள் என்னவாயிற்று? வீட்டில் கிடந்ததை டேனியலின் இளைய மகனே சின்ன வயதில் விளையாட்டாகக் கொளுத்திவிட்டார் என்பது குடும்பத்தார் சொன்ன செய்தி. அன்றைய நைட்ரேட் பிலிம் ஒரு தீக்குச்சி பட்டாலே பற்றிக்கொள்ளும். இந்தியாவில் எடுத்த மௌனப் படங்கள் ஆயிரத்துக்கும் மேல். பெரும்பாலானவை போய்விட்டன. தெற்கின் முதல் படமான நடராஜ முதலியாரின் 'கீசகவதம்' கூட இல்லை.

இதற்கு நேர்மாறாக ஒரு கூத்து உண்டு. டேனியலின் உறவினர் ஆர். சுந்தர்ராஜ், சி.வி. ராமன் பிள்ளையின் 'மார்த்தாண்ட வர்மா' நாவலை மௌனப் படமாக்கினார். டைரக்டர் பி.வி. ராவ். 1933இல் அதே கேபிடலில் வெளியிட்டார்கள். நாவலின் உரிமையை வைத்திருந்த கமலாலயா புத்தக நிறுவனம் கோர்ட்டுக்குப் போய் படத்தை நிறுத்திவிட்டது. சுந்தர்ராஜ் கதை அத்தோடு முடிந்தது. பறிபோன சுருள் மட்டும் புத்தகக் கடைக்காரரிடம் பத்திரமாகக் கிடந்தது. 1974இல் புணே தேசியத் திரைப்படக் காப்பகம் அதை மீட்டது. தயாரிப்பாளரை மூழ்கடித்த வழக்கு படத்தைக் காப்பாற்றிவிட்டது. நம் கம்பெனிகள் மேல் இன்னும் கொஞ்சம் வழக்குகள் போட்டிருக்கலாமோ என்றுகூடத் தோன்றுகிறது.

கடன்பட்ட டேனியல் சினிமாவை விட்டார். கடைசிக் காலம் கன்னியாகுமரி மாவட்டத்து அகஸ்தீஸ்வரத்தில். பத்திரிகையாளர் சேலங்காட்டு கோபாலகிருஷ்ணன்தான் அவரைத் தேடிப்போய், அவருக்காக ஓயாமல் எழுதினார். கேரளத்தில் உதவித்தொகை கேட்டபோது, தமிழ்நாட்டில் வசிப்பவர் என்றும், மௌனப் படம் மலையாளப் படமாகாது என்றும் காரணம் சொல்லப்பட்டது. (தமிழ்நாடு மட்டும் அவரை நம்மாள் என்று எடுத்துக்கொண்டதா என்ன?) 1975இல் அவர் காலமானார். 1992 முதல் கேரள அரசின் உயரிய சினிமா விருது அவர் பெயரில் வழங்கப்படுகிறது.

ரோசிக்கு இன்னும் தாமதம். வினு ஆபிரகாமின் 'நஷ்ட நாயிகா' நாவல், அதைத் தொட்டு 2013இல் கமல் எடுத்த 'செல்லுலாயிட்', 2019இல் பெண் கலைஞர்கள் அவர் பெயரில் தொடங்கிய பிலிம் சொசைட்டி, 2023 பிப்ரவரி 10இல் கூகுளின் முகப்பில் ஒரு ஓவியம். அந்த ஓவியருக்கும் முகம் கற்பனைதான்.