காத்திருந்த நாட்களுக்குக் கூலி எங்கே?

தூத்துக்குடியில் 2024 டிசம்பர் 29 அன்று டைடல் நியோ பூங்கா திறக்கப்பட்டது. சொந்த ஊரிலேயே கம்ப்யூட்டர் வேலை என்பது நல்ல செய்தி, வரவேற்கிறோம். ஆனால் அந்த வேலைக்கு மனுப் போடும் உப்பளத் தொழிலாளியின் மகளையும், தெரஸ்புரத்து மீனவரின் மகனையும் கம்பெனிகள் எப்படி நடத்துகின்றன என்பதைப் பார்க்க வேண்டாமா?

முதலில் கணக்கும் ஆங்கிலமும் கலந்த பரீட்சை. காமிரா முன் உட்கார்ந்து எழுத வேண்டும். பின்னால் யாராவது நடமாடினாலே சந்தேகம். ஒற்றை அறை வீட்டில், தாயையும் தம்பியையும் தெருவுக்கு அனுப்பிவிட்டுத்தான் எழுத முடியும். பிறகு புரோகிராம் பரீட்சை, தொழில்நுட்பக் கேள்விகள். கடைசியில், ‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்று ஆங்கிலத்தில் பேட்டி. புரோகிராமில் தேறியவர் இங்கே நாக்குத் தடுமாறித் தோற்பதுண்டு. ஏன் தோற்றார் என்று சொல்வார் யாருமில்லை.

இதே கரையில் முத்துக்குளிப்பு நடந்த காலத்திலும், பாரிலிருந்து மாதிரிச் சிப்பிகளை எடுத்து, முத்தை மதிப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் சர்க்கார் குளிப்பை அறிவிக்கும். சிப்பி காத்துக் கிடக்கலாம். அதற்குக் கல்விக் கடன் கிடையாது.

பேட்டியில் தேறியவர் கதி என்ன? இன்போசிஸ் கம்பெனி 2022இல் தேர்ந்தெடுத்த பட்டதாரிகளில் பலர், வேலை உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு ஆண்டுகள் காத்திருந்தார்கள். 2024 அக்டோபரில் மைசூரு பயிற்சி நிலையத்தில் சேர்த்தார்கள். 2025 பிப்ரவரியில், மூன்று முறையும் உள்பரீட்சையில் தேறவில்லை என்று 300 பேருக்கு மேல் வெளியேற்றப்பட்டார்கள். ஒப்பந்தத்தில் உள்ளதைத்தான் செய்தோம் என்றது கம்பெனி. வீணாய்ப் போன இரண்டு ஆண்டுகளுக்கு அந்த ஒப்பந்தத்தில் ஒரு வரியாவது உண்டா?

துறைமுகத் தொழிலாளிக்கு இது தெரிந்த கதை. விடியுமுன் வாசலில் கூட்டம் நிற்கும். மேஸ்திரி கை காட்டியவனுக்கு வேலை. மற்றவன் வெறுங்கையோடு வீடு திரும்புவான். 1948இல் துறைமுகத் தொழிலாளர் வேலை ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. அதன்கீழ் பம்பாய், கல்கத்தா, சென்னைத் துறைமுகங்களில் தொழிலாளர் பெயர்கள் பதியப்பட்டன. பதிந்தவர் வந்து நின்று வேலை கிடைக்காவிட்டால், அந்த நாளுக்கு வருகைப்படி கொடுக்கவேண்டும் என்று ஏற்பட்டது. கூப்பிட்ட நேரத்துக்கு ஆள் வேண்டுமென்றால், நிற்கும் நாளுக்கும் காசு கொடு என்பதே அதன் அர்த்தம்.

மூட்டை சுமந்தவர் பெற்ற உரிமை, பட்டம் வாங்கியவருக்கு ஏன் இல்லை? ஐ.டி. ஊழியர்கள் சங்கம் வைக்கத் தடையில்லை என்று 2016இல் தமிழக அரசே தெளிவாக்கியது. ஆனால் வாசலிலேயே நிற்பவருக்குச் சங்கம் ஏது? உள்ளே இருக்கும் ஊழியர்கள்தான் அவர்களுக்காகவும் பேச வேண்டும்.

வேலை உத்தரவில் சேரும் தேதி இருக்கட்டும். அந்தத் தேதி தவறினால், அன்றிலிருந்தே சம்பளம் கொடுக்கட்டும். பேட்டியில் தள்ளப்பட்டவருக்கு எழுத்தில் காரணம் தரட்டும். டைடல் நியோ அரசு நிறுவனத்தின் கட்டிடம். அங்கே இடம் கேட்டு வரும் கம்பெனிகளிடம் இந்த நிபந்தனைகளில் கையெழுத்து வாங்க அரசுக்கு என்ன தயக்கம்?